பழுப்புப் பாசிக்கு மருந்து வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய கடல்நீர்த் தொட்டியில் பழுப்புப் பாசி படிந்தால் உடனே மருந்து ஊற்றச் சொல்லியிருந்தது உங்கள் கட்டுரை. தயவுசெய்து வேண்டாம். நெடுநாளாகக் கடல்மீன் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மணலிலும் கண்ணாடியிலும் காப்பித்தூள் தூவியதுபோல் படியும் அது டயாட்டம் என்னும் ஒருசெல் பாசி; விரல் பட்டாலே புழுதியாய்க் கலைந்துவிடும். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. குழாய்த் தண்ணீரிலும் புது மணலிலும் உள்ள சிலிக்கேட்டை வைத்தே பெருகுகிறது. அது தீர்ந்ததும், பெரும்பாலும் சில வாரங்களில், தானே அடங்கும். சில மருந்துகளோ அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்று, நீரில் அம்மோனியாவை ஏற்றிவிடும். பாவம், மீன்கள்!

ஆர்.ஓ. (சவ்வு வழியே வடிகட்டுவது), டி.ஐ. (கரைந்த அயனிகளை நீக்குவது) இரண்டிலும் வடிகட்டிய நீரில் கடல்நீர்த் தொட்டிக்கான உப்பைக் கலக்குங்கள். விளக்கெரியும் நேரத்தைக் குறையுங்கள். அம்மோனியா அறவே இல்லையென்று சோதித்தபின் ட்ரோகஸ் நத்தைகளை விடலாம். கண்ணாடியில் படிந்த பாசியை வழித்துத் தின்னும். பழுப்புப் படிவு இழை இழையாய்க் குமிழிகளோடு தொங்கினால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்க்கும் வாசகர்