அதிசயம் ஐந்து முறை, புரதம் ஒருமுறைகூட இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு கைக்குழந்தைக்கென்றே மரபணு மருந்து தயாரித்துக் கொடுத்ததைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் அரைப் பக்கக் கட்டுரையில் ‘அதிசயம்’ என்ற சொல் ஐந்து இடங்களில் இருக்கிறது. ‘புரதம்’ ஓரிடத்தில்கூட இல்லை. உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்கு இது பொறுக்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு இருந்தது, மரபணுப் பிழையால் வரும் சிபிஎஸ்1 என்ற நொதியின் குறைபாடு. உடலில் புரதம் சிதையும்போது அமோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இந்த நொதி இல்லையென்றால் அமோனியா இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். பால்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். கல்லீரல் மாற்று அறுவைக்கு ஏற்ற அளவு பிள்ளை வளரும்வரை மருந்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இடையில் சாதாரணக் காய்ச்சல் வந்தாலே அமோனியா எகிறிவிடும்.

ஆறே மாதத்தில் மருந்து தயாரானதைப் பார்த்துத் தங்கள் நிருபர் வியந்திருக்கிறார். மருத்துவர்கள் ரெபேக்கா ஆரன்ஸ்-நிக்லஸும் கிரண் முசுனூருவும் இந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2023 முதல், இவ்வகை நோய்களுக்கான மரபணுத் திருத்தத்தில் சேர்ந்து உழைத்துவந்தவர்கள். டிஎன்ஏவில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் கருவி 2016 முதல் இருக்கிறது. அதைக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்க்கும் கொழுப்புத் துகள், கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலரின் உடலிலும் புகுந்த அதே வகைதான். இதே மருத்துவமனையில்தான் 2012இல் திருத்தப்பட்ட நோயெதிர்ப்பு அணுக்களைக் கொண்டு ஒரு சிறுமியின் இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தினார்கள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, உலை வைக்க ஆறு மாதம் பிடித்தது.

‘ஒரே ஒரு பிள்ளைக்காக இத்தனை பாடா?’ என்று கட்டுரை கேட்கிறது. இங்கேதான் முக்கியமான செய்தியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று முகவரி காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏதான் மரபணுவின் பிழைக்குப் பிழை மாறுகிறது. துகளையும் பெரும்பாலும் கருவியையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அடுத்த பிள்ளைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

‘பூரண குணம்’ என்று தலைப்பிட்டதும் அவசரம். மருத்துவர்கள் அப்படிச் சொல்லவில்லை. குழந்தையை நெடுங்காலம் கண்காணிக்க வேண்டும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் முதல் தவணையை மிகக் குறைந்த அளவில் கொடுத்தார்கள், பிறகு இரண்டு தவணைகள். அதன்பின் குழந்தைக்குக் கூடுதல் புரதம் கொடுக்க முடிந்தது, அமோனியாவை அடக்கும் வழக்கமான மருந்தையும் குறைக்க முடிந்தது. இடையே வைரஸ் தொற்று வந்தபோதும் அமோனியா கட்டுமீறவில்லை. எத்தனையோ பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு ஓடவைத்த சளியும் காய்ச்சலும் அந்தக் குழந்தைக்கு வெறும் சளியும் காய்ச்சலுமாக வந்துபோயின. ஒரு வரிக்கு இடமிருந்தால் அதைச் சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்