செயலியிலும் சேனல்வாரியாகச் சந்தா வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கேபிள் இணைப்பை விட்டுவிட்டு, இணைய இணைப்பும் செயலிச் சந்தாவுமாகத் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் நம் ஊர்களில் கூடிக்கொண்டே வருகின்றன. சேனல் நிறுவனங்களும் கேபிள்காரரையோ டி.டி.எச். நிறுவனத்தையோ நடுவில் வைக்காமல், தங்கள் செயலிகளை நேரடியாக நம்மிடம் விற்கின்றன. இதை நான் வரவேற்கிறேன். ஆனால், வேண்டிய சேனலை மட்டும் அறிவிக்கப்பட்ட விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை கேபிள் சந்தாதாரருக்கு 2019 முதல் இருக்கிறது. செயலிக்கு மாறுகிறவர் அந்த உரிமையைச் சத்தமில்லாமல் இழந்துவிடுகிறார். இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 மார்ச்சில் புதிய கட்டண ஆணையை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலையை அறிவிக்க வேண்டும், தொகுப்பாக மட்டும் விற்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஸ்டார் நிறுவனமும் விஜய் தொலைக்காட்சியும் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. நிகழ்ச்சிகள் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றின் விலையில் தலையிட டிராய்க்கு அதிகாரமில்லை என்று அவை வாதிட்டன. அங்கே இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி ஆணையை உறுதி செய்தார். உச்ச நீதிமன்றமும் 2018 அக்டோபர் 30 அன்று டிராயின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. 2019 பிப்ரவரி 1 முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது.

எங்கள் தெருவில் அப்போது கேபிள்காரர் வீடு வீடாக ஒரு நகலெடுத்த தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். இடப்பக்கம் சேனலின் பெயர், அடுத்து அதன் விலை, கடைசியில் ‘டிக்’ போட ஒரு கட்டம். தொலைக்காட்சி வாங்கிய நாளிலிருந்து எந்தச் சேனலுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்றே அறியாதிருந்த பலர், அன்றுதான் அதை எழுத்தில் பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. முதல் நூறு சேனல்களுக்கான இணைப்புக் கட்டணமே 130 ரூபாய், வரியுடன் 153 ரூபாய் 40 காசு. இரண்டு மூன்று சேனல்களைத் தனித்தனியாக வாங்குவதைவிடத் தொகுப்பே மலிவு என்று தோன்றும்படி நிறுவனங்கள் விலை வைத்ததால், பெரும்பாலோர் பழையபடி தொகுப்புக்கே திரும்பினார்கள். பிறகு 2020-இலும் 2022-இலும் ஆணை திருத்தப்பட்டது. 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது, தொகுப்புக்கான தள்ளுபடி 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பவை இப்போதைய விதிகள். இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் நீக்கியபோதும், தனிச் சேனலைக் கேட்டு வாங்கும் உரிமை அப்படியே நின்றது.

செயலியின் பக்கம் வருவோம். சன் நெக்ஸ்ட் 2017-இல் வந்தது. ஜீ ஃபைவ் 2018-இல் வந்தது. ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் ஆயின. சந்தா என்றால் முழுச் செயலிக்கும்தான் சந்தா. மொழிவாரியாகக் குறைந்த கட்டணத் திட்டங்கள் சில இடங்களில் உண்டு. ஆனால் ஒரேயொரு சேனலின் நேரலையை மட்டும் மாதக் கட்டணம் செலுத்தி வாங்கும் திட்டம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. பழைய திரைப்படக் களஞ்சியம், வேற்றுமொழித் தொடர்கள், விளையாட்டு, குழந்தைகள் நிகழ்ச்சிகள் என எல்லாம் ஒரே மூட்டையாக வந்து சேர்கின்றன. இதற்கு மேல் திரையை வைத்தும் விலை மாறுகிறது. ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மூன்று மாதங்களுக்குக் கைபேசியில் மட்டும் பார்க்க 149 ரூபாய். வீட்டுத் தொலைக்காட்சியிலும் பார்க்க வேண்டுமென்றால் 299 ரூபாய். கேபிளில் இருபது அங்குலப் பெட்டிக்கு ஒரு விலை, ஐம்பது அங்குலப் பெட்டிக்கு ஒரு விலை என்று யாரும் கேட்டதில்லை.

இதே மாற்றம் அமெரிக்காவில் ஒரு பத்தாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கேபிள் இணைப்பு இல்லாதவரும் தன் நிகழ்ச்சிகளைச் சந்தா கட்டிப் பார்க்கலாம் என்று எச்.பி.ஓ. என்ற கட்டணச் சேனல் 2014 அக்டோபரில் அறிவித்தது. சில நாள்களுக்குள் சி.பி.எஸ். நிறுவனமும் தன் இணையச் சந்தாவைக் கொண்டுவந்தது. கேபிள் தொகுப்பின் தூணாக இருந்த ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல்கூட 2025 ஆகஸ்டில் மாதம் 29 டாலர் 99 சென்ட்டுக்குத் தனியாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. அங்கே மாதக் கேபிள் கட்டணத்தின் சுமை தாங்காமல் மக்கள் வெளியேறினார்கள். இங்கே கேபிளுக்கு நாம் கட்டுவது இருநூறு முந்நூறு ரூபாய்தான். ஆகவே பணம் மிச்சமாகும் என்பது நம் ஊரில் பெரிய வாதம் ஆகாது. இணையம் எப்படியும் வீட்டுக்கு வந்துவிட்டது, படிப்புக்கும் வேலைக்கும் அது வேண்டியிருக்கிறது, அதற்கு மேல் கேபிளுக்கு ஒரு தனிச் செலவு எதற்கு என்று எண்ணியே பலர் மாறுகிறார்கள். செய்திக்காகக் கேபிள் வைத்திருக்கும் தேவையும் குறைந்துவிட்டது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவற்றின் நேரலை யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. எஞ்சியிருப்பவை நெடுந்தொடரும் கிரிக்கெட்டும் பாட்டுச் சேனலும்தான்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். என் தாயாருக்குத் தேவை ஒரே ஒரு சேனல். அதில் மாலை ஆறு மணிக்கு மேல் வரும் மூன்று தொடர்கள். கேபிள் இருந்த காலத்தில் ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சேனல் வந்துவிடும். இப்போது மின்சாரம் போய் வந்தால், செயலி சில நேரம் மீண்டும் கைபேசி எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்கிறது. அந்தக் கைபேசியோ அலுவலகத்தில் என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் அழைப்பை எடுத்து ஆறு இலக்கங்களைச் சொல்லி முடிப்பதற்குள் அன்றைய தொடரில் பாதி ஓடிவிடும். நாளைக்குச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றால் அவர் சமாதானம் ஆவதில்லை. பக்கத்து வீட்டில் பார்த்த நேரத்திலேயே பார்த்தால்தான் மறுநாள் காலையில் பேச விஷயம் இருக்கும். நேரலை என்பது முதியவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் செயலியை வடிவமைப்பவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இந்த ஒரு சேனலுக்காக நாங்கள் கட்டுவது முழுச் செயலிக்கான ஆண்டுச் சந்தா.

சந்தா புதுப்பிக்கும் முறையிலும் கவலைக்குரிய ஒன்று இருக்கிறது. ஒரு செயலிக்குத் தள்ளுபடி விலையில் சேர்ந்தோம். அடுத்த ஆண்டு முழு விலை தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. தானியங்கிப் பணப்பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. தகவலும் வந்திருந்தது, நாள்தோறும் குவியும் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே. சந்தாவில் சேர்வதை எளிதாக்கி, விலகுவதைக் கடினமாக்கும் உத்தியை முறைகேடான வணிக நடைமுறைகளில் ஒன்றாக மத்திய அரசு 2023 நவம்பர் வழிகாட்டுதல்களில் சேர்த்திருக்கிறது. இருந்தும், விலகுவதற்கான பொத்தானைத் தேடி நான்கைந்து பக்கங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. கேபிள்காரரிடம் அடுத்த மாதம் வேண்டாம் என்று வாசலில் நின்று ஒரு சொல் சொன்னால் போதுமாக இருந்தது.

சட்டத்தில் உள்ள இடைவெளிதான் இதற்கு மூலகாரணம் என்று கருதுகிறேன். 2023 உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டங்களைக் கைபேசியில் இலவசமாகக் காட்டிய நிறுவனம், அதே ஆட்டங்களைக் கட்டணச் சேனல் வழியாகக் கேபிள் வீடுகளுக்கு விற்றது. இது நியாயமா என்று கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தில் முறையிட்டது. செயலி என்பது தொலைக்காட்சிச் சேனல் ஆகாது, அது டிராயின் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்பதே முழு விசாரணைக்கு முன் தீர்ப்பாயம் சொன்ன முதற்கட்டக் கருத்தாக இருந்தது. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021 செயலிகளுக்குப் பொருந்தும் என்றாலும், அவை எதைக் காட்டலாம் என்பதைப் பற்றியவையே. எப்படி விற்கலாம் என்பதைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. ஆக, ஒரே தொடர் ஒரே நொடியில் கம்பி வழியாக வந்தால் அதன் விலைக்கு விதி உண்டு, செயலி வழியாக வந்தால் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கி வசூலித்து, மழையில் அறுந்த வயரை அன்றே இழுத்துக் கட்டும் கேபிள்காரர் மட்டும் அத்தனை விதிகளுக்கும் கட்டுப்பட்டுத் தன் பிழைப்பை நடத்த வேண்டியிருப்பதும் முறையல்ல.

செயலிகளின் விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படங்களும் இணையத் தொடர்களும் நிறைந்த களஞ்சியத்தைத் துண்டு துண்டாக விற்கச் சொல்வதும் என் நோக்கமில்லை. அதைத் தொகுப்பாகவே விற்கட்டும். கேபிளில் தனி விலை அறிவித்து விற்கும் ஒரு சேனலை, அதே நிறுவனம் தன் செயலியில் நேரலையாகத் தருமானால், அங்கேயும் அந்தச் சேனலை மட்டும் மாதக் கட்டணத்தில் வாங்க வழி இருக்க வேண்டும். கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் விலை ஒன்றாக இருக்க வேண்டும். புதுப்பிக்கும் விலையைச் சேரும்போதே பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். ஃபைபர் இணைப்போடு பத்துப் பன்னிரண்டு செயலிகளைக் கட்டிக் கொடுக்கும் திட்டங்களில், எந்தச் செயலிக்கு எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். இப்போது அந்த மாதாந்தர ரசீதில் ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது. 2019-க்கு முந்தைய கேபிள் காலத்துக்கே திரும்பிவிட்டோம்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் டிராயும் இதற்கென்று ஒரு கலந்தாய்வுக் குறிப்பை வெளியிட்டு, பார்வையாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். தமிழிலும் கருத்து அனுப்ப வழி செய்தால், வீட்டில் தொலைக்காட்சியை உண்மையில் பார்ப்பவர்கள் எழுதுவார்கள். ஆணை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ்ச் சேனல் நிறுவனங்களில் ஏதேனும் ஒன்று, தன் முதன்மைச் சேனலின் நேரலையை மட்டும் மாதச் சந்தாவில் கொடுத்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் முதல் மாதமே அதை வாங்குவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.