உறையைப் பற்றிக் கேட்டிருந்தாய்

தக்கலை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இளைய மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வாரமாக விடாமல் பெய்யும் மழையில் ரப்பர் வெட்டும் நின்றுபோய்விட்டதால், நீ நான்கு வரியில் கேட்ட கேள்விக்கு நான்கு பக்கம் எழுத அவகாசம் வாய்த்திருக்கிறது.

உரிமமும் வந்து ரிவால்வரும் கைக்கு வந்துவிட்டது, இரவில் நகைக்கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும்போது சட்டைக்கு வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள நல்ல உறை எது என்று கேட்டிருக்கிறாய். வெளியே தெரியவே தெரியாது என்று சொல்லி ஒருவர் ஒரு ரெக்சின் உறையை உன் தலையில் கட்டியதாகவும் எழுதியிருக்கிறாய். நீ மறைவை முதலில் கேட்டாய். அவர் அதை மட்டும் கொடுத்தார். டிரிக்கரை முழுவதும் மூடி, துப்பாக்கியை விடாமல் பிடித்து, கை போகும் இடத்தில் எப்போதும் அதை வைத்திருக்கிற உறையைத்தான் பிறகு எப்படி மறைப்பது என்று யோசிக்க வேண்டும். அவை இல்லாத உறை எவ்வளவு நன்றாக மறைத்தாலும் எனக்கு அது வெறும் பைதான்.

உங்கள் விளையில் பனையேற வருவாரே, அவருடைய அருவாப்பெட்டி உனக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோம். பாளை சீவும் அரிவாளின் கூர்மை தாடி மழிக்கும் கத்தியை ஒத்தது. உச்சியில் ஒரு கை மட்டையைப் பிடித்திருக்க, மறு கை பின்னால் போய் அரிவாளை எடுக்கும். வேலை முடிந்ததும் திரும்பிப் பார்க்காமலே அதைப் பெட்டிக்குள் இறக்கும். எவ்வளவு சாய்ந்தாலும் அரிவாள் நழுவியதில்லை, வாய்ப்பகுதி தொடையில் பட்டதுமில்லை. ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ உறைகளைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் புது உறை ஒன்று கைக்கு வந்தால் அந்தப் பெட்டியோடுதான் மனம் இன்றும் ஒப்பிடுகிறது.

நான் கண்ட ஒரு விபத்தைச் சொல்கிறேன். வடக்கே ஒரு முகாமில் சுடும் பயிற்சி முடிந்து, ஒரு வீரர் 9 எம்.எம். பிஸ்டலைத் தன் பழைய துணி உறைக்குள் திருப்பி வைத்தார். பல ஆண்டு உழைத்து நைந்துபோன அந்த உறையின் வாய், பிஸ்டலை உருவியவுடன் உள்பக்கமாக மடிந்து கிடந்திருக்கிறது. சேஃப்டியைப் போடவும் அவர் மறந்திருந்தார். மடிந்த விளிம்பு, டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான டிரிக்கர் கார்டுக்குள் நுழைந்தது. உள்ளே போகவில்லையே என்று அவர் இன்னும் சற்று அழுத்தினார். தோட்டா அவருடைய பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது. விரல் டிரிக்கரின் பக்கமே போகவில்லை என்று அவர் நடுங்கிக்கொண்டே சொன்னது உண்மைதான். துப்பாக்கியை எடுக்கும்போது நேரும் தவறுகளைவிடத் திருப்பி வைக்கும்போது நேரும் தவறுகளுக்கே அன்றிலிருந்து நான் அதிகம் பயப்படுகிறேன்.

அதனால்தான் எந்த உறையைக் கண்டாலும் முதலில் அதன் வாயைப் பார்க்கிறேன். துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் வாய் திறந்தே நிற்க வேண்டும். அதற்காக நல்ல வேலைக்காரர்கள் வாயைச் சுற்றி இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைப்பார்கள். உன் ரெக்சின் உறையில் அது இருக்காது. சந்தேகமிருந்தால் வெறும் உறையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார். உன் வயிறு அழுத்தியே அது சப்பட்டையாகிவிடும்.

உன்னுடையது கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வர் என்பதால் இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. அது பழைய ஆங்கிலேய வெப்லி ரிவால்வரின் வழியில் வந்தது. நடுவில் ஒடித்துத் திறந்து தோட்டா போடும் அமைப்பு. வெளிநாட்டுக் குட்டி ரிவால்வர்களுக்கென்று அச்சில் வார்த்த உறைகள் இதன் உடம்புக்குப் பொருந்தமாட்டா. கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கை நான் குறைவாக மதிப்பிடவில்லை. சூட்டில் இளக்கித் துப்பாக்கியின் மேலேயே அச்செடுக்கிறார்கள், வியர்வையை உறிஞ்சாது, வாய் ஒருபோதும் மூடாது. ஆனால் வேறொரு துப்பாக்கிக்கு வார்த்ததை உன்னுடையதற்கு மாட்டுவது, அடுத்தவன் பல்செட்டைப் போட்டுக்கொள்வது போலத்தான். உனக்கு அளவெடுத்துத் தைத்த தோல் உறையே நல்லது.

தோலிலும் வகை உண்டு. செருப்புக்கும் பைக்கும் பெரும்பாலும் பயன்படுவது குரோமியத்தில் பதனிட்ட தோல். தொட்டால் இளகி மென்மையாக இருக்கும், அச்சில் நிற்காது, அதிலுள்ள உப்புகள் இரும்பை அரிக்கும். நமக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது நம் தமிழ்நாட்டின் பழைய தொழில் என்பது உனக்குத் தெரிந்ததே. வெட்டிய விளிம்பைப் பார்த்தாலே பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடலாம்: நடுவில் நீலச் சாம்பல் நிறம் ஓடினால் குரோமியம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டை. கனம் 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும்.

இங்கே எனக்குத் தெரிந்த தோல் தைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். என்னுடையதை அவரும் நானும் சேர்ந்தே செய்தோம். தைத்து முடித்த உறையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நனைத்து, வெற்று ரிவால்வரை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, தோட்டாக்கள் அமரும் சிலிண்டரின் மேட்டையும் டிரிக்கர் கார்டின் வளைவையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பதித்தோம். குழலின் முனையிலுள்ள குறிமுள் தோலைக் கீறாமல் வெளிவர, மேல்பக்கம் ஒரு குச்சியைச் செருகி ஒரு வாய்க்கால் விட்டோம். பிறகு நிழலில் இரண்டு நாள் காயவைத்தோம். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் முறுகி வெடித்துவிடும். காய்ந்தபின் ரிவால்வரை உள்ளே இறக்கினால் கடைசி அரை அங்குலத்தில் தோல் அதைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வலோடு தோட்டாவை அடிக்கும் ஹேமரின் பின்னால், கட்டைவிரலால் தட்டித் திறக்கும் ஒரு வாரும் இருந்தால் எனக்குத் திருப்தி. அந்த வார், ரிவால்வரைத் திறக்கும் நெம்பின் மேல் அழுத்தாமல் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். பிரஸ் பட்டன் பித்தளையில் இருக்கட்டும். நம் உப்புக்காற்றில் இரும்புப் பட்டன் ஒரு மழைக்காலம் தாங்காது.

இனி மறைவுக்கு வருகிறேன். எல்லோரும் குழலை மறைக்கப் பாடுபடுகிறார்கள். குழல் எப்படியும் தொடையோடு ஒட்டிக் கீழே போய்விடும். சட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிப்பாகம்தான். அதனால் உறையின் இரு பக்கமும் பெல்ட் துளை இருக்க வேண்டும். பெல்ட்டை இறுக்கும்போது அது கைப்பிடியை விலாப்பக்கமாக இழுத்துக்கொள்ளும். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே, தொப்புளைக் கடிகாரத்தின் 12 என்று கொண்டால் 3-க்கும் 4-க்கும் நடுவில், கைப்பிடி 10 முதல் 15 பாகை முன்னே சாயும்படி வைத்தால் உட்காரும்போதும் குத்தாது. இடுப்புக்கு உள்ளே வைக்கும் வகை இன்னும் நன்றாக மறைக்கும், ஆனால் பேண்ட்டை ஓர் அங்குலமாவது பெரிதாகத் தைக்க வேண்டும். இந்தப் புழுக்கத்தில் நீ ஒரு வாரத்தில் கழற்றி எறிந்துவிடுவாய் என்று நினைக்கிறேன். அடிவயிற்றின் முன்பக்கம் வைப்பதை நம்மைப் போன்ற தொந்திக்காரர்கள் நினைக்கவே வேண்டாம். குனியும்போதெல்லாம் குழல் தொடையின் பெரிய நரம்பையும் ரத்தக்குழாயையும் பார்த்துக்கொண்டிருக்கும். முதுகெலும்பின் மேலும் வேண்டாம், பைக்கிலிருந்து விழுந்தால் முதுகு போய்விடும். சட்டை வெள்ளையாக இல்லாமல் கட்டமோ பூவோ போட்டதாக, ஒரு சுற்றுத் தளர்வாக இருக்கட்டும். மதினிக்குப் பிடிக்காதுதான், சமாளித்துக்கொள்.

பெல்ட் உறையின் பாதி. 1858-இல் இடக்கையை இழந்த சாமுவேல் பிரவுன் என்ற படையதிகாரி, வாளுறை ஆடாமல் நிற்பதற்காகத் தோளிலிருந்து ஒரு வார் கொடுத்து அமைத்துக்கொண்ட பெல்ட்தான் இன்றும் அவர் பெயரால் அதிகாரிகளின் உடையில் இருக்கிறது. ஏறத்தாழ 700 கிராம் இரும்பு ஒரு பக்கம் தொங்கும்போது, துணிக்கடையில் பேண்ட்டோடு வாங்கும் மெல்லிய பெல்ட் முறுக்கிக்கொள்ளும். இரண்டு தோலை ஒட்டித் தைத்த ஒன்றரை அங்குலப் பெல்ட் வாங்கு, உறையின் துளையும் அதே அளவில் இருக்கட்டும். வேட்டி கட்டும் நாளில் என்ன செய்வது என்று நீ கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியும், வாரத்தில் நான்கு நாள் உனக்கு வேட்டிதான். லுங்கிமேல் கட்டும் பச்சைப் பெல்ட்டின் பணப்பையில் ரிவால்வரைச் செருகி வைத்த ஒருவரை நான் அறிவேன். டிரிக்கர் மூடாமல், சில்லறையோடும் சாவிக்கொத்தோடும் கிடந்தது. வேட்டி நாளில் ரிவால்வர் வீட்டு லாக்கரில் இருக்கட்டும்.

வியர்வையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்று எப்போதும் உண்டு. உடம்புப் பக்கத்துத் தோல் ஹேமரின் உயரத்துக்கு நாக்கு போல நீண்டிருந்தால் வியர்வை நேரடியாக இரும்பில் படாது, ஹேமரும் இடுப்பைக் குத்தாது. ஆனாலும் தோல் ஈரத்தைக் குடிக்கும். நான் ஒருமுறை சோம்பல்பட்டு மூன்று நாள் உறையிலேயே விட்டதில், சிலிண்டரின் ஒரு பக்கம் மட்டும் உறையின் அச்சு அப்படியே செம்மண் நிறத்தில் பதிந்துவிட்டது. இரவு வீட்டுக்கு வந்ததும் வெளியே எடு, துடை, எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவு, உறையைத் தனியே காற்றில் தொங்கவிடு. தோட்டாவைத் தோல் வளையங்களில் செருகி வைத்தாலும் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும்.

சட்டமும் இந்த விஷயத்தில் உறையின் பக்கம்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில், முழுவதும் மூடப்பட்டு, உன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஆகவே தெரியாமல் வைத்துக்கொள்வது வெறும் கூச்சம் சார்ந்த விஷயமன்று. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது உறையோடு கொடுக்காதே. அங்கே மாதக்கணக்கில் தோலுக்குள் கிடந்து துருப்பிடித்துத் திரும்பி வரும்.

புது உறை வந்தபின் ஒரு வாரம் தோட்டா இல்லாமல் அணிந்து பழகு. சிலிண்டரைத் திறந்து கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை காலியாக இருக்கிறதா என்று பார்த்தபிறகு, மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து, வாரைப் போடாமலே உதறு, விழக் கூடாது. கார் சீட்டில் உட்கார், கடையின் கீழ்த்தட்டிலிருந்து பெட்டியை எடுப்பதுபோலக் குனி, படியேறு. பிறகு இடக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சட்டையை வலக்கையாலேயே ஒதுக்கி, டிரிக்கர் விரல் நீங்கலாக மற்ற விரல்கள் கைப்பிடியை முழுதாகப் பற்றுகின்றனவா, அதே ஒரு கையால் திருப்பி வைக்கவும் முடிகிறதா என்று பார். வைக்கும்போது அவசரமே வேண்டாம், சட்டை நுனி உள்ளே போகவில்லை என்று குனிந்து பார்த்தே வை. பனையேறி பார்க்காமல் வைத்தார் என்றால், அது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

அடுத்த ஞாயிறு மழை விட்டால் இங்கே வா. நீ வழக்கமாகப் போடும் பேண்ட்டையும் பெல்ட்டையும் அணிந்து வா. ரிவால்வரை உரிமத்தோடு கொண்டுவா, தோட்டாக்களை வீட்டிலேயே பூட்டி வை. அந்த அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன், பட்டைத்தோல் ஒரு துண்டு அவரிடம் மீதம் இருக்கிறது. அந்த ரெக்சின் உறையையும் மறக்காமல் எடுத்து வா. மூக்குக்கண்ணாடி வைத்துக்கொள்ள எனக்கு ஒரு கூடு வேண்டும்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்.