மறுநாள் காலையிலும் இறுகாத தளம்

அன்புள்ள செல்வம்,

வீடு தளம் வரைக்கும் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மேஸ்திரி வாங்கி வரச் சொன்ன கெமிக்கல் கேன் ஏமாற்று வேலையா என்று கேட்டாயே, இல்லை. சிமெண்ட் துகள்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கேனில் இருக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் துகள்மேல் படிந்து ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிவைக்கும், மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியே வந்து கலவை இளகும். நம் ஆட்கள் ஹோஸைப் பிடித்தாலும் இளகத்தான் செய்யும், ஆனால் கூடுதல் தண்ணீர் காய்ந்துபோன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டை, அப்புறம் ஐப்பசி மழையில் ஒழுகுகிறது என்று எனக்குத்தான் போன் செய்வாய்.

அளவுதான் விஷயம். போன சித்திரையில் எனக்கு நடந்ததைச் சொல்லவில்லையே. ரெடிமிக்ஸ் லாரி தூரத்திலிருந்து வர வேண்டும், கொளுத்தும் வெயில், அதனால் இறுகுவதைத் தள்ளிப்போடும் ரிடார்டர் சேர்த்தார்கள், பிளான்ட்டில் யாரோ இரண்டு தடவை ஊற்றிவிட்டார்கள். சாயங்காலம் போட்ட தளத்தில் மறுநாள் காலை கட்டைவிரல் இறங்குகிறது! வெட்டி எடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். ஈரச்சாக்கு போட்டு மூடி, தளத்தைத் தாங்கும் முட்டுப் பலகையில் (சென்ட்ரிங்) யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே உதறலோடு காத்திருந்தேன். மூன்றாம் நாள் இறுகியது, அதே கலவையில் வார்த்த கட்டியை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்டிலும் தேறிவிட்டது.

ரிடார்டர்கள் பலவும் சர்க்கரைக்குச் சொந்தக்காரப் பொருள்கள்தான். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 கிராம் சர்க்கரை விழுந்தாலே இறுகுவது ஏறத்தாழ நாலு மணி நேரம் தள்ளிப்போகும். உங்கள் தாத்தா வீட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றினார்கள் என்று பெருமையடிப்பாயே, காற்றை இழுத்து நிதானமாக இறுகும் சுண்ணாம்புக்கு அது சரி, அந்த ஆசையில் சிமெண்டில் எதையும் ஊற்றிவிடாதே.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சூப்பர் பிளாஸ்டிசைசருக்கு வைத்திருக்கும் எல்லை சிமெண்ட் எடையில் 2 சதவீதம், அதாவது மூட்டைக்கு ஒரு கிலோ. உனக்கு அதில் பாதிகூட வேண்டியிருக்காது. கேனில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து, மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளந்து விடச் சொல். எம்-சாண்டில் களிமண் இருந்தால் கெமிக்கலை அதுவே குடித்துவிடும், கழுவின மணலாக இறக்கு. சீக்கிரம் இறுகும் என்று குளோரைடு சரக்கு எதையாவது தலையில் கட்டினால் வாங்காதே, உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

கான்கிரீட் என்றைக்கு என்று சொல், முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறிவிடுகிறேன். தங்கச்சியிடம் எனக்குச் சுக்குக் காப்பி போட்டு வைக்கச் சொல், சர்க்கரை டப்பா மட்டும் மாடிக்கு வர வேண்டாம்.

உன்,
மணி