மூன்று வரித் திருத்தத்துக்கு முந்நூறு வரி டிஃப்

ஆசிரியர் அவர்களுக்கு,

திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் மாணவர்கள் பங்களிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை உரிமம், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), புல் ரிக்வெஸ்ட் (நம் திருத்தத்தை ஏற்கும்படி அனுப்பும் கோரிக்கை) என எல்லாவற்றையும் விளக்கியது. நிரலின் இடைவெளி, வரி அமைப்பு ஆகியவற்றை எப்படி ஃபார்மேட் செய்வது என்பதை மட்டும் 'திட்டத்தின் நடையைப் பின்பற்றுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. புதியவர்கள் முதலில் இடறுவதே அங்கேதான்.

ஒருவர் ஒரு கோப்பில் மூன்று வரிகளைத் திருத்துகிறார். அவருடைய எடிட்டரில், சேமிக்கும்போதே ஃபார்மேட் செய்யும் வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. சேமித்ததும் டேப்கள் ஸ்பேஸ்களாகின்றன, வரி முடிவுகள் விண்டோஸ் முறைக்குப் போகின்றன, கோப்பு முழுவதும் மாறியதாக டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியல்) காட்டுகிறது. அந்த மூன்று வரிகளை ரிவ்யூ செய்பவர் தேடிப் பிடிக்க வேண்டும். அதே கோப்பைத் தொட்ட மற்றவர்களின் பேட்ச்களும் (திருத்தங்களும்) இதோடு மோதி கான்ஃப்ளிக்ட் ஆகும். பராமரிப்பாளர் திருப்பி அனுப்பாமல் என்ன செய்வார்?

கமிட் செய்யும் முன், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியும் முன், 'கிட் டிஃப்' கட்டளையை மாறிய வரிகளை எண்ணிக் காட்டும் ஸ்டாட் விருப்பத்தோடு ஒரு முறையும், இடைவெளி மாற்றங்களைப் புறக்கணிக்கும் டபிள்யூ விருப்பத்தையும் சேர்த்து இன்னொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். முதலில் 300 வரி, அடுத்து 3 வரி என்று வந்தால் எடிட்டர் கைவரிசை காட்டியிருக்கிறது என்று பொருள்.

ஆனால் இதைப் பங்களிப்பவரின் கவனத்துக்கே விட்டுவிடுவது திட்டத்தின் சோம்பல். விதிகள் ரெப்போவுக்குள்ளேயே, அதாவது திட்டத்தின் கோப்புத் தொகுப்புக்குள்ளேயே, இருக்க வேண்டும். இன்டென்ட் (வரித் தொடக்க இடைவெளி) அகலம், கோப்பின் கடைசி வரி முடிவு போன்றவற்றை 'எடிட்டர்கான்ஃபிக்' கோப்பில் எழுதினால் பெரும்பாலான எடிட்டர்கள் நேரடியாகவோ ஒரு பிளகின் மூலமாகவோ படித்துக்கொள்ளும். வரி முடிவுச் சிக்கலுக்கு 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பு போதும். அதைச் சேர்த்த பிறகு, ஏற்கெனவே உள்ள கோப்புகளின் வரி முடிவுகளையும் சீராக்கும் ரீநார்மலைஸ் விருப்பத்தோடு ஒரு முறை 'கிட் ஆட்' செய்ய வேண்டும். பலர் மறப்பது இந்தப் படியைத்தான்.

எந்த நடை சிறந்தது என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. லினக்ஸ் கெர்னலில் ஒரு இன்டென்ட் என்பது 8 எழுத்து அகல டேப். பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்வது 4 ஸ்பேஸ், வரிக்கு 79 எழுத்து. அதே பைத்தானுக்கான பிளாக் ஃபார்மேட்டர் 88 என்கிறது. கோ மொழியின் ஃபார்மேட்டரான 'கோஃபம்ட்' நடையை மாற்றிக்கொள்ள அமைப்புக் கோப்பே தரவில்லை, அதனால் அங்கே சண்டையும் இல்லை. மனிதர்கள் ரிவ்யூவில் திரும்பத் திரும்ப நினைவூட்டும் அருமையான விதியைவிட, கருவி தானே அமல்படுத்தும் சுமாரான விதி மேல் என்பது என் கருத்து.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்டதும் அல்ல. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்பு) பிழையில், 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி ஒரே இன்டென்ட்டில் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. மேலே இருந்த இஃப் கூற்றின் கீழ்வரும் வரிகளைச் சூழ நெளிவு அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரிக்கு மட்டுமே நிபந்தனை பொருந்தியது. இரண்டாவது வரி எப்போதும் இயங்கி, கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிப் போனது. ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் அந்த இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். சி மொழி கம்பைலரான ஜிசிசியின் 6ஆம் பதிப்பு முதல், இப்படி ஏமாற்றும் இன்டென்ட்டுக்கு 'வால்' (-Wall) விருப்பத்திலேயே எச்சரிக்கை வருகிறது.

பழைய திட்டத்துக்கு ஃபார்மேட்டரைக் கொண்டுவரும்போதுதான் நிதானம் தேவை. நிலுவையில் உள்ள புல் ரிக்வெஸ்ட்களை முடிந்தவரை மெர்ஜ் செய்துவிட்டு, மொத்த ரெப்போவையும் ஒரே கமிட்டில் மாற்றுங்கள். அதில் வேறு எந்தத் திருத்தமும் கலக்கக் கூடாது. அப்படிச் செய்தாலும், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் 'கிட் பிளேம்', மாறிய எல்லா வரிகளையும் ஃபார்மேட் செய்தவர் தலையில் கட்டும். கிட் 2.23 முதல் இதற்கு வழி இருக்கிறது: அந்தக் கமிட்டின் முழு ஹாஷை (அடையாளக் குறியீட்டை) ஒரு கோப்பில் எழுதி, பிளேம் அதைப் புறக்கணிக்கும்படி அமைக்கலாம். ஹாஷ் மெர்ஜ் ஆன பிறகுதான் உறுதியாகும் என்பதால், இந்தக் கோப்பு அடுத்த கமிட்டில் வரட்டும்.

ஃபார்மேட்டரின் பதிப்பையும் பூட்டிவிடுங்கள். சி, சி++ ஃபார்மேட்டரான கிளாங்-ஃபார்மேட்டின் இரு பதிப்புகள் ஒரே அமைப்பிலும் வெவ்வேறு வெளியீடு தரும். பிளாக்கின் நடையும் ஆண்டுக்கு ஒரு முறை மாறக்கூடும். பதிப்பு பூட்டப்படாத சிஐ (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு), யாரும் எதையும் தொடாத ஒரு நாளில் திடீரென்று தோல்வி காட்டிச் சிவப்பாகும்.

விதிவிலக்குகளையும் எழுதி வையுங்கள். பில்ட் கட்டளைகளை எழுதும் மேக்ஃபைலில் டேப் ஸ்பேஸானால் பில்டே ஓடாது. மார்க்டவுனில் வரி இறுதியில் உள்ள இரண்டு ஸ்பேஸ் வரியை முறிப்பதற்கானவை, அவற்றை நீக்கக் கூடாது. கையால் நேர்த்தியாக அடுக்கிய மேட்ரிக்ஸ்களைச் சுற்றி ஃபார்மேட்டரை நிறுத்தும் கமென்ட்டைப் போடலாம். வெளியிலிருந்து எடுத்து வைத்திருக்கும் நூலகங்களை மொத்தமாகவே விலக்குங்கள். ஏனெனில் அடுத்த முறை மூலத் திட்டத்தின் புதிய பதிப்போடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்