கணக்கில் வராத தரவுத்தள சர்வர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் கடவுச்சொல்லையும் வைரஸையும் பற்றியே பேசுகிறோம்; நிறுவனத்தின் வலையமைப்பில் எத்தனை தரவுத்தள சர்வர்கள் (தகவல்களைச் சேமித்து, கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருள்கள்) இயங்குகின்றன என்ற அடிப்படைக் கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. தரவுத்தள நிர்வாகியாக நான் ஈடுபட்ட கணக்கெடுப்பு ஒன்றில், கொள்முதல் பதிவேட்டில் இல்லாத சர்வர்கள் பல வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றை எவரும் தெரிந்து நிறுவவில்லை என்பதுதான் வியப்பு. வேறொரு மென்பொருளை நிறுவியபோது, அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்தவை அவை.

இது புதிய சிக்கல் அல்ல. 2003 ஜனவரி 25 அன்று மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் பாதுகாப்பு ஓட்டை வழியே தானாகப் பரவிய 'ஸ்லாமர்' என்னும் தீங்குநிரல் (புழு) வெறும் 376 பைட் அளவுடையது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை அது பத்தே நிமிடங்களில் பிடித்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால், எஸ்க்யூஎல் சர்வரின் சிறு வடிவமான எம்எஸ்டிஇ, பிற மென்பொருள்களுக்குள் பொதிந்து பல கணினிகளில் இருந்ததால், தங்களுக்கும் அந்தத் திருத்தம் தேவை என்பதே பலருக்குத் தெரியாமல் போனது.

கணக்கெடுப்பு என்றதும், தரவுத்தளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 1433, 1521, 3306, 5432 ஆகிய போர்ட்டுகளை (வலையமைப்பு இணைப்புக்கான வாசல் எண்களை) ஒருமுறை ஸ்கேன் செய்து பட்டியலை ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆனால், எஸ்க்யூஎல் சர்வரின் பெயரிடப்பட்ட இன்ஸ்டன்ஸ்கள் (ஒரு கணினியில் தனிப் பெயருடன் இயங்கும் நிறுவல்கள்) இயல்பாக மாறும் போர்ட்டில் இயங்குபவை. அவற்றின் போர்ட்டைக் காட்டிக்கொடுக்கும் 'எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர்' என்ற சேவை நிறுத்தப்பட்டிருந்தாலோ, இடையில் ஃபயர்வால் இருந்தாலோ, அவை ஸ்கேனில் தென்படாமலே போகலாம். மாதக் கடைசியில் மட்டும் இயக்கப்படும் கணினியோ, ஸ்கேன் நடந்த நாளில் அணைந்திருக்கும். ஆகவே ஸ்கேன் முடிவுகளுடன், ஒவ்வொரு கணினியிலும் உள்ள சேவைகளின் பட்டியல், ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனத்தின் கணினிகள், பயனர் கணக்குகளின் மையப் பதிவேடு) பதிவுகள், காப்புநகல் அட்டவணை, உரிமக் கணக்கு ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றைத் தேட வேண்டும். எல்லாப் பட்டியல்களிலும் உள்ள சர்வரால் தொல்லை இல்லை. ஒரே ஒரு பட்டியலில் மட்டும் தலைகாட்டுவதுதான் ஆராயத்தக்கது. (ஸ்கேனுக்கு முன் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி பெறாவிட்டால், ஊடுருவல் முயற்சி என்று உங்களையே தேடி வருவார்கள்.)

பதிப்பு எண்ணைக் குறிப்பது எளிது; பயனும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2024 ஜூலையிலும், மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளின் 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. எஸ்க்யூஎல் சர்வரின், மென்பொருள் உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் மட்டுமான கட்டணமில்லாத டெவலப்பர் பதிப்பை அன்றாட அலுவல்களுக்குப் பயன்படுத்துவது உரிம மீறல் என்பதால், எது எந்த வகைப் பதிப்பு என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

உண்மையில் கடினமானது 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தை நிரப்புவதுதான். ஒரு சர்வரைச் சுட்டிக்காட்டி "இது யாருடையது?" என்று கேட்டால், ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டும். யாரும் உரிமை கோரவில்லை என்பதற்காக அதை அணைத்துவிடுவது ஆபத்து. குறைந்தது ஒரு மாத முடிவைத் தாண்டும் வரை, அதனுடன் எந்தக் கணினிகள், எந்தப் பயனர் கணக்குகளின் பெயரில் இணைகின்றன என்பதைப் பதிவுசெய்து பார்க்க வேண்டும். அப்போதும் அசைவில்லை என்றால், காப்புநகல் எடுத்துச் சேவையை மட்டும் நிறுத்திவைக்கலாம். ஆண்டு முடிவுக் கணக்குகள் கடந்த பிறகே அகற்றுவது பற்றி யோசிக்கலாம்.

மென்பொருள் வாங்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். தன் மென்பொருளுடன் எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பில் நிறுவப்படுகிறது, அதற்கான திருத்தங்களை யார் இடுவார் என்பதை விற்பவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்