நைட் ஷிப்டில் இருக்கும் தம்பிக்கு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தரம் கேட்டேன். குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் தமிழ் ஆராதனை, செக்யூரிட்டி வேலையில் உனக்கு அன்றைக்கும் டூட்டி. ஆறு மாசமாகக் கோயில் பக்கம் போகவில்லை, முழங்கால் போட்டாலும் வாய் வரவில்லை என்கிறாய். "நான் பாதி கிறிஸ்தவனா ஆயிட்டேன்க்கா" என்றாயே, அதுதான் உறுத்துகிறது. உன்னைப் போல நிறையப் பிள்ளைகள் இருப்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன், கோபிக்காதே.

அப்பாவை நினைத்துப் பார். பதநீர்க் காலம் வந்துவிட்டால் அவருக்கு ஞாயிறு ஏது? காலையும் மாலையும் பாளை சீவியாக வேண்டும். ஓய்வுநாள் என்று விட்டால் பாளை காய்ந்து பதநீர் நின்றுபோகும். விடியுமுன் ஏறத் தொடங்கி, கடைசி மரத்தை விட்டு இறங்குவதற்குள் கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிடும். நெஞ்சில் பனஞ்சிராய் கீறிய காயத்தோடு, தலை ஈரம் காயாமல், பிரசங்க நேரத்தில் வந்து கடைசித் தூண் ஓரம் உட்காருவார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும்.

ஆனால் ஒவ்வொரு மரத்திலும் ஏறுமுன் உள்ளங்கையை மரத்தில் பதித்து ஒரு நொடி நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுக்கப் போன ஒருநாள், "என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டேன். "ஏத்துற கர்த்தர் எறக்கியும் விடணும்லா" என்றார். அவ்வளவுதான் ஜெபம். முப்பது மரம், இரண்டு வேளை. கணக்குப் போட்டுக்கொள். உச்சியில் இருக்கும்போது மணிச் சத்தம் கேட்டால், தூரத்தில் தெரியும் மெய்ஞ்ஞானபுரம் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்து, தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அப்புறம்தான் அரிவாளை எடுப்பாராம். 192 அடிக் கோபுரம், அவருக்கு அது கண் மட்டத்தில்.

இப்போது எங்கள் சபையில் கீபோர்டும் டிரம்ஸும் முழங்குகிற இருபது நிமிஷத்துக்குத்தான் ஆராதனை என்று பேர். பாட்டு ஓய்ந்ததும் "ஆராதனை முடிந்தது, இனி தேவசெய்தி" என்று மைக்கில் சொல்கிறார்கள். (பாட்டுக்கு நான் விரோதி இல்லை. பாமாலைப் புத்தகத்துப் பழைய பாட்டை எடுத்தால் என் சத்தம்தான் தெருவரை கேட்கும்.) ரோமர் 12-ல் பவுல் "புத்தியுள்ள ஆராதனை" என்று எழுதினது சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைப் பற்றி. நின்று நின்று வீங்கின உன் காலும் அந்தச் சரீரத்தில் சேர்த்திதானே? அதே பவுலும் அவரோடு இருந்த சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பாடினது நடுராத்திரி, முதுகில் அடிபட்ட காயமும் தொழுமரத்தில் மாட்டின காலுமாக. அதையும் நைட் ஷிப்ட் என்றே வைத்துக்கொள்.

சபை வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு வெள்ளி லீவு கிடைத்தால் தூக்கத்தை விட்டுவிட்டுப் போ. பத்துப் பேரோடு நின்று "பரமண்டலங்களிலிருக்கிற" ஜெபம் சொல்வதற்கு ஈடு கிடையாது. அப்பா பிந்தி வந்தாரே தவிர, வராமல் இருந்ததில்லை.

அதுவரை, டூட்டிக்கு ஷூ லேஸ் கட்டும்போது ஒரு வரி பேசு. வாய் வராவிட்டால் 121-ஆம் சங்கீதத்தை வாசி, எட்டே வசனம். "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்று வருகிறது. வாட்ச்மேனுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கும்.

அம்மா நலம். உலையில் போடுமுன் கைப்பிடி அரிசி எடுத்துக் காணிக்கை டப்பாவில் போடுவது இன்னும் நிற்கவில்லை. நீ விமானம் ஏறின நாளிலிருந்து இரண்டு பிடி போடுகிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் அங்க சோறு பொங்குறானோ, கடையில திங்கானோ, அவன் பிடியை யாரு போடுவா?" என்கிறாள்.

உன் அக்கா